டார்வினை ஏற்றால் வேதத்தை விட்டுவிட வேண்டுமா?

கேள்வி: ஐயா, எங்களுடையது மூன்று தலைமுறைக் கிறிஸ்தவக் குடும்பம். மகன் பன்னிரண்டாம் வகுப்பில் உயிரியல் பிரிவு படிக்கிறான்; நீட் தேர்வுக்கும் தயாராகிறான். பரிணாமப் பாடம் நடத்தத் தொடங்கியதிலிருந்து வீட்டில் தினமும் வாக்குவாதம். வாலிபர் கூட்டத்தில் எங்கள் போதகர், "பரிணாமத்தை ஏற்கிறவன் விசுவாசியாக இருக்க முடியாது, அது நாத்திகர்கள் கட்டிவிட்ட கதை" என்று சொல்லிவிட்டார். என் அண்ணனுக்குக் கடவுள் நம்பிக்கை கிடையாது. அவர் வீட்டுக்கு வந்தால், "டார்வினைப் புரிந்துகொண்டவன் ஆதியாகமத்தை நம்ப மாட்டான். மருமகனே, ரெண்டில் ஒன்றை முடிவு பண்ணு" என்கிறார். பிள்ளை பரீட்சைக்காக எழுதுவதா, மனசாட்சிக்காக எழுதுவதா என்று குழம்பிப் போயிருக்கிறான். கிறிஸ்தவர்கள் எல்லோரும் பரிணாமத்தை மறுக்கத்தான் செய்கிறார்களா? நாத்திகர்கள் எல்லோரும் ஏற்கிறார்களா? அவனுக்கு நான் என்ன சொல்லட்டும்?

ஒரு வாசகி, தூத்துக்குடி

பதில்: அம்மா, உங்கள் போதகரும் அண்ணனும் மற்ற எல்லாவற்றிலும் முட்டிக்கொள்வார்கள் என்று தெரிகிறது. இந்த ஒன்றில் மட்டும் இருவரும் ஒரே கட்சி. பரிணாமம் என்றால் நாத்திகம் என்பதில் இருவருக்கும் சந்தேகமே இல்லை. இருவர் சொல்வதும் தவறு. உங்கள் நேரடிக் கேள்விக்கு நேரடிப் பதில்: கிறிஸ்தவர்கள் எல்லோரும் மறுக்கவில்லை, உலகின் மிகப் பெரிய திருச்சபையே பரிணாமத்தோடு சண்டை போடவில்லை. நாத்திகர்களில் மிகப் பெரும்பாலோர் ஏற்கிறார்கள்தான். ஆனால் அவர்கள் ஏற்பதன் தரம் என்ன என்று கேட்டால் கதை கொஞ்சம் மாறும்.

இந்தச் சண்டை அதிகம் சூடுபிடித்த ஊர் அமெரிக்கா. உங்கள் போதகர் சொல்வது போன்ற வாதங்களும் பெரும்பாலும் அங்கே அச்சான புத்தகங்களிலிருந்து வந்தவைதான். அதனால் அங்கிருந்தே பார்ப்போம். கேலப் நிறுவனம் 1982 முதல் அமெரிக்கர்களிடம் ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டு வருகிறது. 2024-இல் கிடைத்த பதில்: கடந்த பத்தாயிரம் ஆண்டுகளுக்குள் கடவுள் மனிதனை இன்றைய வடிவிலேயே படைத்தார் என்றவர்கள் 37 சதவீதம். மனிதன் பரிணாமத்தில் வந்தான், அதைக் கடவுள் வழிநடத்தினார் என்றவர்கள் 34 சதவீதம். பரிணாமம் நடந்தது, அதில் கடவுளுக்குப் பங்கில்லை என்றவர்கள் 24 சதவீதம். நடுவில் இருக்கிற அந்த 34 சதவீதத்தைப் பாருங்கள். மூன்றில் ஒரு பங்கு மக்கள், உங்கள் வீட்டு விவாதத்தில் இடமே இல்லாதவர்கள். போதகர் கணக்கிலும் அவர்கள் இல்லை, அண்ணன் கணக்கிலும் இல்லை.

இன்னொரு ஆய்வு எனக்கு இதைவிடச் சுவையாகப் படுகிறது. பியூ ஆய்வு மையம் 2018-இல் ஒரு சோதனை செய்து பார்த்தது. ஒரு பகுதியினரிடம் கேள்வியை இரண்டு படியாகக் கேட்டார்கள். முதல் படி: மனிதர்கள் காலப்போக்கில் பரிணமித்தார்களா, ஆதிமுதல் இப்படியேதான் இருக்கிறார்களா? பரிணமித்தார்கள் என்று சொன்னவர்களிடம் மட்டும் அடுத்த படி: அது இயற்கையாக நடந்ததா, கடவுளின் வழிநடத்தலா? மற்றொரு பகுதியினரிடம் இந்த மூன்று பதில்களையும் ஒரே நேரத்தில் நீட்டினார்கள். இரண்டு படியாகக் கேட்டபோது "இப்படியேதான் இருக்கிறார்கள்" என்றவர்கள் 31 சதவீதம். மூன்றையும் சேர்த்துக் காட்டியதும் அது 18 ஆக இறங்கியது. வெள்ளையர்களான இவாஞ்சலிக்கல் கிறிஸ்தவர்களிடம் 66 சதவீதம் 38 ஆனது. கறுப்பினப் புராட்டஸ்டன்ட் கிறிஸ்தவர்களிடம் 59 சதவீதம் 27 ஆனது.

இரண்டு விதமாகக் கேள்வி கேட்கப்பட்ட இந்த இரண்டு கூட்டத்துக்கும் உயிரியல் ஒன்றுதான், வேதாகமமும் ஒன்றுதான். முதல் கூட்டத்துக்கு முன் வைத்த கேள்வியில் கடவுளுக்கு இடமில்லை. "பரிணமித்தார்கள்" என்று சொன்னால் கடவுளை மறுத்ததாகிவிடுமோ என்று தயங்கியவர்கள், பாதுகாப்பான பதிலைச் சொல்லிவிட்டு நகர்ந்தார்கள். கடவுளோடு சேர்த்தே பரிணாமத்தை ஏற்கலாம் என்று ஒரு பதில் கண்ணில் பட்டதும், அப்படித் தயங்கியவர்களில் கணிசமானோர் அங்கே போய் நின்றுகொண்டார்கள். அவர்கள் பயந்தது டார்வினுக்கு அல்ல, சபையை விட்டு வெளியே தள்ளப்படுவோமோ என்பதற்குத்தான். உங்கள் மகனிடம் "ரெண்டில் ஒன்று" என்று அண்ணன் கேட்பதும் அந்த முதல் வகைக் கேள்விதான். பதில் தவறாக வந்தால் பிள்ளையைக் குறை சொல்லிப் பயனில்லை.

இனி சபைகள் என்ன சொல்கின்றன என்று பார்ப்போம். கத்தோலிக்கத் திருச்சபையில் திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் 1950-இல் வெளியிட்ட சுற்றுமடலில், மனித உடல் முந்தைய உயிரினத்திலிருந்து வந்ததா என்பதை அறிஞர்கள் ஆராயலாம், ஆன்மா மட்டும் கடவுள் நேரடியாகத் தருவது என்றார். 1996 அக்டோபரில் இரண்டாம் யோவான் பவுல், பரிணாமத்தை இனி வெறும் ஊகம் என்று சொல்ல முடியாது என்று திருச்சபையின் அறிவியல் கழகத்துக்கே எழுதினார். டார்வினின் "உயிரினங்களின் தோற்றம்" ரோமின் தடைநூல் பட்டியலில் ஒருபோதும் இடம்பெறவில்லை. அவருடைய தாத்தா இராஸ்மஸ் டார்வின் எழுதிய புத்தகம் ஒன்று அதில் இருந்தது. பேரனுக்கு அந்தக் கௌரவம் கிடைக்கவில்லை.

புராட்டஸ்டன்ட் பக்கத்துக் கதை இன்னும் பழையது. டார்வினின் புத்தகம் வெளிவந்தது 1859 நவம்பர். முன்கூட்டியே பிரதி பெற்றவர்களில் ஒருவர் ஆங்கிலிகன் குருவானவர் சார்ல்ஸ் கிங்ஸ்லி. படித்துவிட்டு, தாமே வளரும் ஆற்றலோடு உயிர்களைப் படைத்த கடவுள் என்ற எண்ணமும் உயர்வானதுதான் என்ற பொருளில் டார்வினுக்கு எழுதினார். டார்வின் அதைப் பெயர் சொல்லாமல் அடுத்த பதிப்பிலேயே சேர்த்துக்கொண்டார். அமெரிக்காவில் டார்வினுக்காக முதலில் வரிந்துகட்டிக்கொண்டு எழுதியவர் ஹார்வர்டு தாவரவியலாளர் ஏசா கிரே. ஒழுங்காக ஆலயத்துக்குப் போகிற பிரெஸ்பிட்டேரியன். 1882-இல் டார்வின் இறந்தபோது ஆங்கிலிகன் சபை அவரை வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் அடக்கம் செய்தது.

"நாத்திகர்கள் கட்டிய கதை" என்பதற்கு விஞ்ஞானிகளின் பட்டியலே பதில். மரபியலின் அடித்தளத்தைப் பட்டாணிச் செடிகளில் கண்டவர் கிரிகோர் மெண்டல், அகஸ்டீனிய மடத்துத் துறவி. இயற்கைத் தேர்வையும் மெண்டலின் விதிகளையும் கணக்கால் இணைத்தவர்களில் முக்கியமான இருவர் ரொனால்டு ஃபிஷர், ஜே.பி.எஸ். ஹால்டேன். ஃபிஷர் ஆங்கிலிகன் விசுவாசி. ஹால்டேன் நாத்திகர், அதோடு கம்யூனிஸ்ட். இருவரும் போட்ட கணக்கு ஒன்றுதான். பரிணாமத்தின் வெளிச்சம் இல்லாவிட்டால் உயிரியல் விளங்காது என்று ஆசிரியர்கள் அடிக்கடி சொல்வார்களே, அந்தக் கருத்தை 1973-இல் கட்டுரையாக எழுதியவர் தியோடோசியஸ் டோப்ஷான்ஸ்கி. கிழக்கு ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவரான அவர், பரிணாமம் கடவுள் படைக்கிற முறை என்று அதே கட்டுரையில் சொல்லியிருக்கிறார். மனித மரபணுத் தொகுதித் திட்டத்துக்குத் தலைமை தாங்கிய ஃபிரான்சிஸ் காலின்ஸ் வெளிப்படையான இவாஞ்சலிக்கல் கிறிஸ்தவர். நம் ஊர்க் கிறிஸ்தவக் கல்லூரிகளின் விலங்கியல் துறைகளிலும் இதே பாடம்தான் நடக்கிறது.

அப்படியானால் எதிர்ப்பு எங்கிருந்து வந்தது? பலரும் நினைப்பதுபோல் ஆதிகாலத்திலிருந்து வரவில்லை. 1925 ஜூலையில் டென்னசி மாநிலத்து டேட்டன் என்ற சிறு ஊரில், பரிணாமம் சொல்லிக்கொடுத்ததற்காக ஜான் ஸ்கோப்ஸ் என்ற ஆசிரியர் மீது வழக்கு நடந்தது. அரசுத் தரப்பில் நின்ற வில்லியம் ஜென்னிங்ஸ் பிரையன் மூன்று முறை ஜனாதிபதித் தேர்தலில் நின்றவர், அசைக்க முடியாத விசுவாசி. அவரையே கூண்டில் ஏற்றிக் குறுக்கு விசாரணை செய்தபோது, ஆதியாகமத்தின் ஆறு நாட்கள் இருபத்துநான்கு மணி நேர நாட்களாக இருக்க வேண்டியதில்லை என்று ஒப்புக்கொண்டார். பூமிக்கு வயது சில ஆயிரம் ஆண்டுகள்தான், பாறை அடுக்குகள் எல்லாம் நோவா காலத்து வெள்ளம் விட்டுச்சென்றவை என்ற வாதத்தை அப்போது பெரிதாக எழுதிக்கொண்டிருந்தவர் ஜார்ஜ் மெக்ரெடி பிரைஸ் என்ற செவன்த்-டே அட்வென்டிஸ்ட். அந்த வாதம் மற்ற சபைகளில் அப்போது பெரிதாகப் பரவவில்லை. 1961-இல் ஹென்றி மோரிஸ் என்ற நீரியல் பொறியாளரும் ஜான் விட்கோம் என்ற இறையியலாளரும் அதே வாதத்தைப் புதுப்பித்துப் புத்தகமாக்கிய பிறகுதான் அது இவாஞ்சலிக்கல் சபைகளில் பரவியது. "வேதத்தின் பழைய போதனை" என்று இன்று சொல்லப்படுவதில் ஒரு பகுதிக்கு வயது நம் வீட்டுப் பெரியவர்கள் வயதுதான்.

ஆர்கன்சாஸ் வழக்கை உங்கள் மகனுக்குக் கட்டாயம் சொல்லுங்கள். 1981-இல் அந்த மாநிலம் ஒரு சட்டம் போட்டது: பள்ளியில் பரிணாமம் நடத்தினால் "படைப்பு அறிவியலும்" சமமாக நடத்த வேண்டும். இதை எதிர்த்து வழக்குப் போட்டது யார்? வாதிகள் பட்டியலில் முதல் பெயர் வில்லியம் மெக்லீன், ஒரு போதகர். அவருக்குப் பின்னால் மெத்தடிஸ்ட் பிஷப், எபிஸ்கோப்பல் பிஷப், கத்தோலிக்க ஆயர், ஆப்பிரிக்க மெத்தடிஸ்ட் பிஷப், பிரெஸ்பிட்டேரியன் தலைவர். அங்கி போட்டவர்கள் வரிசையாக நின்று, இந்தப் பாடத்தை அறிவியல் வகுப்புக்குள் விடாதீர்கள் என்றார்கள். அவர்களுடைய சாட்சிகளில் ஒருவர் முன்பு டொமினிக்கன் குருவாக இருந்த மரபியலாளர் ஃபிரான்சிஸ்கோ அயாலா.

சட்டத்துக்கு ஆதரவாக மாநில அரசு அழைத்த சாட்சிகளில் ஒருவர் யார் தெரியுமா? இலங்கையில் பிறந்த விண்வெளி ஆய்வாளர் சந்திரா விக்கிரமசிங்க, பௌத்தப் பின்னணி கொண்டவர். உயிர் வால்மீன்கள் வழியாகப் பூமிக்கு வந்தது என்று வாதிட்டுவந்தவர். அந்தக் கருத்தை அவரோடு சேர்ந்து எழுதியவர் ஃபிரெட் ஹாயில். நெடுங்காலம் நாத்திகராக அறியப்பட்டவர், டார்வினியத்தின் கடுமையான விமர்சகர். டார்வினுக்கு எதிராகப் பேசுவார் என்று நம்பி அரசு விக்கிரமசிங்கவை அழைத்தது. பேசத்தான் செய்தார். ஆனால் குறுக்கு விசாரணையில், பூமிக்குப் பத்து லட்சம் வயதுகூட ஆகவில்லை என்றோ, நிலவியலை எல்லாம் உலக வெள்ளத்தால் விளக்கிவிடலாம் என்றோ பகுத்தறிவுள்ள எந்த விஞ்ஞானியும் நம்ப மாட்டார் என்றும் சொல்லிவிட்டார். நீதிபதி ஓவர்ட்டன் 1982 ஜனவரியில் சட்டத்தை ரத்து செய்தார். தீர்ப்பிலும் இந்தச் சாட்சியத்தைக் குறிப்பிட்டிருக்கிறார். பிஷப்புகள் பரிணாமப் பாடத்தின் பக்கம், பௌத்தர் எதிர்ப்பக்கம். உங்கள் வீட்டில் வரைந்த கோட்டுக்குள் இந்த வழக்கு அடங்குகிறதா?

இப்போது உங்கள் அண்ணன் பக்கம். கடவுளை விட்டுவிட்டால் அறிவியல் தானாக வந்துவிடும் என்பதற்கு வரலாறு பெரிய குட்டு வைத்திருக்கிறது. நாத்திகத்தை அரசுக் கொள்கையாக வைத்திருந்த சோவியத் ஒன்றியத்தில் ட்ரோஃபிம் லைசென்கோ என்ற வேளாண் நிபுணர் மரபணு என்று ஒன்றே இல்லை என்றார். ஒரே இனத்துக்குள் போட்டி நடப்பதில்லை என்றார். கோதுமையை ரை தானியமாக மாற்றலாம் என்றார். டார்வின் பெயரை வாய் நிறையச் சொல்லிக்கொண்டே டார்வின் சொன்னதன் உயிர்நாடியை வெட்டினார். அவரை எதிர்த்த நிகோலாய் வாவிலோவ், உலகெங்கும் அலைந்து பயிர் விதைகளைச் சேகரித்த மாமேதை, 1940-இல் கைதாகி 1943-இல் சராத்தோவ் சிறையில் பட்டினியால் இறந்தார். 1948-இல் ஸ்டாலின் ஆதரவோடு மரபியலே அங்கே தடைசெய்யப்பட்டது. மெண்டல் துறவி என்பதும் அவரை இகழ ஒரு காரணமாகப் பயன்பட்டது. நான் மேலே சொன்ன ஹால்டேன் இந்த விவகாரம் முற்றிய பிறகு 1950 வாக்கில் கட்சியை விட்டு விலகினார். 1957-இல் இந்தியா வந்து குடியுரிமை பெற்று, 1964-இல் புவனேஸ்வரத்தில் காலமானார்.

அவ்வளவு தூரம் போகவேண்டாம், இன்றைய நாத்திகர்களையே பாருங்கள். 2017-இல் பிரிட்டனில் நடந்த ஒரு கருத்துக் கணிப்பில், மனித உணர்வுநிலையைப் பரிணாமத்தால் விளக்க முடியாது என்ற கூற்றை நாத்திகர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் ஏற்றார். அது நேர்மையான சந்தேகம். நான் குறை சொல்ல மாட்டேன். குறை சொல்ல வேண்டியது வேறொன்று இருக்கிறது. "நான் பரிணாமத்தை ஏற்கிறேன்" என்பவரிடம் இயற்கைத் தேர்வு என்றால் என்ன என்று கேளுங்கள். பலர் ஒட்டகச்சிவிங்கி எட்டி எட்டிக் கழுத்து நீண்ட கதையைத்தான் சொல்வார்கள். அது டார்வினுக்கு முந்தைய லாமார்க்கின் கதை. குரங்கு மனிதனாக மாறியது என்பார்கள். இன்றைய குரங்கும் மனிதனும் ஒரே மூதாதையின் இரண்டு கிளைகள் என்பது விட்டுப்போயிருக்கும். கட்சி உறுப்பினர் அட்டைபோல பரிணாமத்தைச் சட்டைப்பையில் வைத்திருப்பவர்கள் இவர்கள். உங்கள் அண்ணன் அப்படிப்பட்டவரா என்று எனக்குத் தெரியாது. மருமகனிடம் பரிணாமப் பாடத்தில் வருகிற ஒரு ஹார்டி-வெயின்பர்க் கணக்கை வாங்கிப் போட்டுப் பார்க்கட்டும்.

எதிர்ப்பு கிறிஸ்தவர்களின் தனிச்சொத்தும் இல்லை. 2018-இல் நம் மத்திய இணையமைச்சர் ஒருவர், குரங்கு மனிதனாவதை நம் முன்னோர் யாரும் பார்த்ததில்லை, டார்வின் தவறு என்று பேசினார். 2023-இல் என்சிஇஆர்டி பத்தாம் வகுப்புப் பாடத்திலிருந்து பரிணாமத்தை நீக்கியது. ஆயிரத்து எண்ணூறுக்கும் மேற்பட்ட அறிவியலாளர்களும் ஆசிரியர்களும் கையெழுத்திட்டு எதிர்த்தார்கள்.

சரி, பரிணாமத்துக்கும் விசுவாசத்துக்கும் இடையே உரசலே இல்லையா? இருக்கிறது. அதை மூடி மறைத்து உங்களுக்கு எழுதினால் நான் நேர்மையாக இருக்க மாட்டேன். ஆதாம் ஒரு தனி மனிதன், அவன் வழியாகவே பாவமும் மரணமும் வந்தன என்று பவுல் ரோமருக்கு எழுதுகிறார். மனித இனம் ஒரு தம்பதியிலிருந்து வரவில்லை, ஆயிரக்கணக்கானோர் கொண்ட கூட்டத்திலிருந்து வந்தது என்று மரபியல் காட்டுகிறது. இதை எப்படிச் சேர்த்துப் படிப்பது என்பதில் இறையியலாளர்கள் இன்னும் ஒருமித்த முடிவுக்கு வரவில்லை. 1950-இல் பச்சைக்கொடி காட்டிய பன்னிரண்டாம் பயஸ்கூட இந்த இடத்தில் கையைப் பிடித்து நிறுத்தினார். வலி பற்றிய கேள்வி இன்னொன்று. உயிருள்ள புழுவின் உடம்புக்குள் முட்டையிட்டு, குஞ்சுகள் அதை உள்ளிருந்து தின்னும்படி விடுகிற குளவிகளை, அன்பான கடவுள் வேண்டுமென்றே படைத்திருப்பார் என்று என்னால் நம்ப முடியவில்லை என்று டார்வின் 1860-இல் எழுதினார். எழுதியது யாருக்கு? விசுவாசியான அதே ஏசா கிரேக்கு. இருவரும் ஒத்துப்போகவில்லை, நட்பும் விட்டுப்போகவில்லை. கடவுளை நம்புகிறவர் பரிணாமத்தையும் ஏற்க முடியுமா என்று பிற்காலத்தில் ஒருவர் கேட்டபோது, அதில் சந்தேகப்பட என்ன இருக்கிறது என்று கிரேயையும் கிங்ஸ்லியையும்தான் டார்வின் உதாரணம் காட்டினார். தம்மை அவர் அறியொணாவாதி, அதாவது கடவுள் உண்டா இல்லையா என்று அறிய முடியாது என்பவர் என்றே சொல்லிக்கொண்டார்.

உங்கள் மகன் கையில் எடுக்க வேண்டியது சான்றுகளை. ஒன்று மட்டும் சொல்கிறேன். மனிதனுக்கு 23 ஜோடி குரோமோசோம். சிம்பன்சி, கொரில்லா, ஒராங்குட்டான் மூன்றுக்கும் 24 ஜோடி. பொது மூதாதை உண்டென்றால் நம்மிடம் ஒரு ஜோடி எங்கே போனது? முழு குரோமோசோம் தொலைந்தால் உயிர் தங்காது. ஆக இரண்டு குரோமோசோம்கள் ஒன்றாக ஒட்டியிருக்க வேண்டும். ஒட்டியிருந்தால், முனையில் மட்டும் இருக்க வேண்டிய டெலோமியர் வரிசை நடுவிலும் கிடக்கும். ஒரு குரோமோசோமுக்கு ஒன்றே இருக்க வேண்டிய சென்ட்ரோமியரின் அடையாளம் இரண்டு இடத்தில் இருக்கும். நம்முடைய இரண்டாம் குரோமோசோமில் இரண்டும் அப்படியே இருக்கின்றன. 2005-இல் பென்சில்வேனியாவின் டோவர் நகரில் பள்ளியின் பரிணாமப் பாடம் தொடர்பாக நடந்த வழக்கில் இதை நீதிமன்றத்தில் விளக்கியவர் உயிரியல் பேராசிரியர் கென்னத் மில்லர். அவர் ஞாயிறு தவறாத கத்தோலிக்கர்.

எனவே பிள்ளையிடம் இப்படிச் சொல்லுங்கள். விடைத்தாளில் கேட்கிற கேள்வி சான்றைப் பற்றியது. அதற்குப் பாடத்தில் உள்ள பதிலை மனம் கூசாமல் எழுதட்டும், அதனால் அவன் ஞானஸ்நானம் அழிந்துவிடாது. ஆதாமைப் பற்றிய கேள்வியைப் போதகரிடமே மரியாதையோடு கேட்கட்டும்; அவர் அதட்டினால், இறையியல் கல்லூரியில் படித்த இன்னொரு ஐயரிடம் கேட்கட்டும். மாமாவிடம் வாவிலோவைப் பற்றிக் கேட்கட்டும். விசுவாசத்தில் நிற்பதா, விலகுவதா என்பதைப் பதினேழு வயதில், அதுவும் நீட் தேர்வுக்கு முன்னால் முடிவு செய்ய வேண்டிய அவசரம் யாருக்கும் இல்லை. இதை அவன் மாமாவிடமும் நீங்களே சொல்லிவிடுங்கள். நீட் பாடத்திட்டத்தில் மரபியலும் பரிணாமமும் ஒரே அலகு. ஹார்டி-வெயின்பர்க் கணக்குகளை இப்போதிருந்தே போட்டுப் பழகச் சொல்லுங்கள். பிள்ளைகள் பயந்து விட்டுவிடுகிற இடம் அது.